பெருந்தொற்றில் மனிதத் தொடர்புகளைக் கணக்கிடுதல்: அச்சத்தின் பங்கையும் தடுப்பூசியின் பங்கையும் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் எச்சரிக்கையைக் கைவிட்டு அதிகமாகப் பழகத் தொடங்குகிறார்களா என்ற கேள்விக்கு, போட்டவர், போடாதவர் என இரு கூட்டங்களின் சந்திப்புகளை எண்ணி அருகருகே வைத்து விடை சொல்ல முயல்வது தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும். ஆய்வைத் திட்டமிடும்போதே அதற்கு இடம் கொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில், எதைத் தொடர்பு என்று எண்ணுவது என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள். 2005-06இல் எட்டு ஐரோப்பிய நாடுகளில் 7,290 பேரிடம் நடந்த போலிமாட் ஆய்வு, உடலைத் தொடுவதையோ, நேரில் மூன்று சொற்களுக்குக் குறையாமல் இருவரும் பேசிக்கொள்வதையோ தொடர்பாகக் கொண்டது. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 13.4 தொடர்புகள் இருந்தன. பிரிட்டனில் போலிமாட் கணக்கில் 10.8 ஆக இருந்த சராசரி, 2020 மார்ச் ஊரடங்கில் 2.8 ஆக வீழ்ந்ததை அறிய முடிந்ததற்குக் காரணம், பழைய கணக்கோடு ஒப்பிடத்தக்க முறையில் புதிய கணக்கும் எடுக்கப்பட்டதே.

அடுத்து, இடர் பற்றிய உணர்வு. "பயப்படுகிறீர்களா?" என்ற ஒற்றைக் கேள்வி போதாது. எனக்குத் தொற்று வரக்கூடும், வந்தால் கடுமையாக இருக்கும், என் மூலம் நலிந்த ஒருவருக்குப் பரவக்கூடும் என்னும் மூன்றையும் தனித்தனியே, ஐந்து படிநிலைகளில் கேளுங்கள். இளைஞர் ஒருவர் தம் உடல்நலத்தைப் பற்றிச் சிறிதும் கவலைப்படாமல், வீட்டிலுள்ள முதியவருக்காக வெளியே செல்வதைக் குறைத்திருக்கலாம். மூன்றாவது கேள்வி இல்லாவிட்டால் அவருடைய அக்கறை கணக்கிலேயே வராது. ஒவ்வொரு சந்திப்பும் வீட்டிலா, பணியிடத்திலா, வேறிடத்திலா என்பதும் பதிவாக வேண்டும். அன்றாட ஊதியத்தை நம்பி வாழ்பவர் எவ்வளவு அஞ்சினாலும் பணியிடச் சந்திப்புகளைக் குறைக்க முடியாது என்பதால், விருப்பப்படி தவிர்க்கக்கூடிய சந்திப்புகளில்தான் உணர்வின் தாக்கத்தைத் தேட வேண்டும். எண்ணிக்கை குறையாத எவரையும் அலட்சியக்காரர் என்று எழுதுவது, என் கருத்தில், அநீதி.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, போட்டாரா இல்லையா என்பதோடு நில்லாமல் ஒவ்வொரு தவணையின் தேதியையும் வாங்குங்கள். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். சிக்கலின் மையமும் இங்கேதான் உள்ளது. நோய்க்கு மிகவும் அஞ்சுபவர் முந்திக்கொண்டு ஊசி போடுகிறார். அவருடைய தொடர்புகள் ஏற்கெனவே குறைவு. போட்டபின் அச்சம் தணிவதால் தொடர்புகள் கூடுகின்றன. இந்த இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இழுப்பதால், ஒரே நாளில் எடுத்த கணக்கில் ஒன்றையொன்று மறைத்துவிடும். பல நாடுகளில் முதலில் ஊசி பெற்றவர்களோ, அதிகம் வெளியே செல்லாத முதியவர்களும் பலரைச் சந்தித்தே ஆகவேண்டிய மருத்துவப் பணியாளர்களும். இவற்றோடு, தடுப்பூசி பரவலாகும் காலமும் கட்டுப்பாடுகள் தளரும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. சான்றிதழ் காட்டினால்தான் அனுமதி என்ற விதி இருந்தால், மனமாற்றம் ஏதுமின்றியே ஊசி போட்டவரின் தொடர்புகள் கூடும்.

ஆகவே அதே நபரிடம் ஊசிக்கு முன்னும் பின்னும் கேளுங்கள். அவருடைய மாற்றத்தை, அதே வயதில், அதே பகுதியில், இன்னும் முறை வராமல் காத்திருப்பவரின் அதே வாரத்து மாற்றத்தோடு ஒப்பிடுங்கள். கட்டுப்பாடுகள் மாறிய தேதிகளைத் தனிப் பட்டியலாக வைத்திருங்கள். உணர்வு பற்றிய கேள்விகளையும் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பக் கேட்க வேண்டும். கொரோனாவின் ஒமைக்ரான் வகை பரவியபோது, தடுப்பூசிக்குத் தொற்றைத் தடுக்கும் ஆற்றல் வெகுவாகக் குறைந்தும் கடும் நோயிலிருந்து காக்கும் ஆற்றல் பெருமளவு நீடித்தது. அத்தகைய சூழலில் "வரக்கூடும்" என்ற விடையும் "கடுமையாகும்" என்ற விடையும் வெவ்வேறு திசைகளில் நகரக்கூடும்.

திரும்பத் திரும்ப விடையளிப்போர் சலிப்பால் சந்திப்புகளைக் குறைத்துச் சொல்வதுண்டு என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் சில புதியவர்களைச் சேருங்கள். நூற்றுக்கணக்கானோரைச் சந்தித்த ஒரு சிலர் சராசரியை உயர்த்திவிடுவதால், இடைநிலை மதிப்பையும் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) உடன் தாருங்கள். ஒருவரின் தொடர்பு எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு வைத்திருந்தால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.