எடையைக் குறைத்த பிறகு கர்ப்பமா? ஏறும் கிலோவைத் தப்பாகப் படிக்காதீர்கள்

கர்ப்பம் உறுதியான அன்று சாயங்காலம் நான் செய்த முதல் காரியம், எடைக் கருவியின் மேல் ஏறி நின்றதுதான். 98 கிலோவிலிருந்து 62-க்கு வர எனக்கு இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. அடுத்த ஒன்பது மாதமும் அந்த எண் ஏறும், ஏறத்தான் வேண்டும் என்பது புத்திக்குத் தெரிந்தது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் சில தப்புகளைச் செய்தேன்.

நிறைய எடை குறைத்துவிட்டுக் கருவுறும் பெண்கள் பலர் இதே தப்புகளில் மாட்டிக்கொள்கிறார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக் குறைத்தவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஊசி மருந்தால் குறைத்தவர்கள் என்று வழிகள் வேறு வேறு. அடியில் இருக்கும் பிழை ஒன்றுதான். எடை குறைக்கும்போது அந்த எண்ணைப் பார்க்கப் பழகிய அதே கண்ணால் கர்ப்பத்திலும் பார்க்கிறோம்.

பழைய உடம்புக்குக் கணக்குப் போடுவது

கர்ப்பத்தில் எத்தனை கிலோ ஏறலாம் என்பதற்கு உலகம் முழுக்கப் பலர் பயன்படுத்துவது, அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வெளியிட்ட அளவுகள். கருவுறும் முன் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 18.5-க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும். 18.5 முதல் 24.9 வரை இருந்தால் 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5 கிலோ. 30-க்கு மேல் என்றால் 5 முதல் 9 கிலோ. (ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்த பிஎம்ஐ எல்லைகளைக் கொஞ்சம் கீழே வைத்துப் பார்க்கும் டாக்டர்களும் உண்டு.)

இங்கே ‘கருவுறும் முன்’ என்றால் கருவுறுவதற்குச் சற்று முன்பு இருந்த எடை. வாழ்க்கையிலேயே அதிகமாக இருந்த எடை இல்லை. என் உயரம் 160 செ.மீ. 98 கிலோவில் என் பிஎம்ஐ 38, 62 கிலோவில் 24. முதல் கணக்கில் எனக்கு அனுமதி 9 கிலோவோடு முடிந்துவிடும். சரியான கணக்கில் குறைந்தது பதினொன்றரை ஏற வேண்டும். நான் பல வாரம் மனசுக்குள் அந்த 9-ஐத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். “நான் குண்டு” என்ற எண்ணம் உடம்பை விட்டுப் போன பிறகும் தலையை விட்டுப் போகவில்லை. உங்கள் பழைய மருத்துவக் கோப்பில் பழைய எடை இருந்தால், இன்றைய எடையை நீங்களே வாய்விட்டுச் சொல்லி எழுத வையுங்கள்.

முதல் இரண்டு வாரத்துப் பயம்

குறைந்த மாவுச்சத்து உணவில் இருந்தவர்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். கர்ப்பம் தெரிந்ததும் டயட்டை நிறுத்திச் சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பிப்போம். பத்தே நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறிவிடும். எனக்கு ஏறியது. உடனே பழைய பயம் வந்து, மசக்கை வேறு இருந்ததைச் சாக்காக வைத்து, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். அப்படிப் பத்து நாள் ஓடியது. டாக்டரிடம் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது.

ஏறியது கொழுப்பே இல்லை. கல்லீரலும் தசையும் மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். டயட்டில் காலியாகிக் கிடந்த அந்தக் கிடங்கு திரும்ப நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு தடவை நிரம்பினால் அதோடு நின்றுவிடும். அதைப் பார்த்துப் பயந்து மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ டயட்டுக்கோ விரதத்துக்கோ திரும்பிப் போவது, குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகிற வாரங்களில் செய்யக்கூடாத காரியம். கர்ப்பத்தில் நாளுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை.

மொத்தமாக ஏறும் பன்னிரண்டு பதிமூன்று கிலோ எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தது எனக்கு ரொம்ப உதவியது. குழந்தை 3 முதல் 3.5 கிலோ. நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், வளர்ந்த கருப்பை மூன்றும் சேர்ந்து இரண்டரை கிலோவுக்கு மேல். கூடுதல் ரத்தமும் உடல் நீரும் சுமார் 3 கிலோ. மார்பகத்துக்கு அரைக் கிலோ. மிச்சம் இருப்பதுதான் கொழுப்பு, மூன்று கிலோ போல. அதுவும் பாலூட்டும் மாதங்களுக்காக உடம்பு எடுத்து வைக்கும் சேமிப்பு.

“இனி எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்”

எதிர்ப்பக்கத்துத் தப்பு இது. வருஷக்கணக்கில் கட்டுப்பாட்டோடு இருந்தவருக்கு கர்ப்பம் ஒரு விடுமுறை மாதிரித் தோன்றும். சுற்றி இருப்பவர்களும் “ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்பார்கள். நிறைய எடை குறைத்த உடம்பில் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடியும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைந்தும் இருக்கும். ஓய்வில் செலவழியும் கலோரியும் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருக்கும். அதனால் கட்டை அவிழ்த்துவிட்டால் எடை சட்டென்று ஏறும். உங்கள் மன உறுதி போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.

உண்மையில் கூடுதலாக வேண்டியது கொஞ்சம்தான். முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரி எதுவும் தேவையில்லை. அடுத்த மூன்று மாதம் நாளுக்குச் சுமார் 340, கடைசி மூன்று மாதம் சுமார் 450 கலோரி. 340 என்றால் ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் பாதாம். பழைய மெனுவைத் தூக்கிப் போடாமல் அதன்மேல் இதை வைத்தால் போதும். புரதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். இங்கே தப்பு செய்தால் விளைவு பெரிது.

எடை குறைக்க இரைப்பையையோ குடலையோ மாற்றியமைக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, எடை வேகமாக இறங்கும் காலம் முடியும் வரை, அதாவது குறைந்தது 12 முதல் 18 மாதம் வரை, கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஆனால் எடை குறைந்தாலே கருமுட்டை வெளியாவது சீராகிவிடும். பல வருஷம் மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள், “எனக்கெல்லாம் எங்கே உண்டாகப் போகிறது” என்று அசட்டையாக இருந்து சீக்கிரமே கருவுற்றுவிடுவது உண்டு. அப்படி ஆகியிருந்தால் பதற வேண்டாம். உடனே மகப்பேறு டாக்டரிடமும் அறுவை சிகிச்சை செய்தவரிடமும் சொல்லிவிடுங்கள். கண்காணிப்பு கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அறுவை சிகிச்சையை, வெட்கத்தினாலோ வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்றோ, டாக்டரிடமே மறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். மூன்று இடங்களில் அது நேரடியாகப் பாதிக்கும்.

ஒன்று, சர்க்கரைப் பரிசோதனை. 24 முதல் 28 வாரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். இரைப்பை பைபாஸ் (இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டி உணவு சிறுகுடலுக்குப் போகும்படி மாற்றுவது) செய்தவருக்கு அந்த இனிப்பு நேராகச் சிறுகுடலில் போய் விழும். வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் என்று ஆளைக் கீழே தள்ளிவிடும். பரிசோதனை முடிவையும் நம்ப முடியாது. இதற்குப் பதிலாக வீட்டிலேயே ஒரு வாரம் போல விரலில் குத்தி, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வரலாம். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று நீங்களே கேளுங்கள்.

இரண்டு, வாந்தி. மசக்கைதானே என்று விட்டுவிட முடியாது. சின்னதாக்கிய இரைப்பையோடு பல நாள் எதுவும் தங்காமல் வாந்தி எடுத்தால், தையமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோய் மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். அந்த நிலையில் தையமின் கொடுக்காமல் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் நிலைமை மோசமாகும். டிரிப் போடுகிறவருக்கு உங்கள் அறுவை சிகிச்சை தெரிந்திருந்தால்தானே முதலில் தையமின் கொடுப்பார்?

மூன்று, வயிற்று வலி. பைபாஸுக்குப் பிறகு உள்ளே உருவாகும் இடைவெளிக்குள் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளலாம். கருப்பை பெரிதாகிக் குடலை மேலே தள்ளும்போது அந்த ஆபத்து கூடும். மேல் வயிற்றில் விட்டுவிட்டு வரும் கடுமையான வலியை வாயு என்றும் பிரசவ வலியின் ஒத்திகை என்றும் நினைத்து வீட்டில் படுத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், முதல் வாக்கியமாக “எனக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது” என்று சொல்லுங்கள்.

மாத்திரைகளிலும் இரண்டு பக்கத் தப்பு நடக்கிறது. குமட்டுகிறது என்று மொத்தமாக நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதிக் கொடுத்த அதே வைட்டமினை அப்படியே தொடர்கிறவர்கள் இன்னொரு பக்கம். வைட்டமின் ஏ, ரெட்டினால் வடிவில் நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் போனால் கருவுக்குக் கெடுதல். பீட்டா கரோட்டின் வடிவில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாகச் சேராது, நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஃபோலிக் அமிலம் வழக்கமாக 400 மைக்ரோகிராம். பிஎம்ஐ இன்னும் 30-க்கு மேல் இருந்தால் 5 மில்லிகிராம் வரை எழுதிக் கொடுப்பார்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி அளவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் பார்க்க வேண்டும்.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகள் எடை குறைவாக இருக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். கர்ப்பகாலச் சர்க்கரையும் அளவுக்கு மீறிப் பெரிய குழந்தையும் அமையும் வாய்ப்பு குறைகிறது என்பது நல்ல பக்கம். குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் அடிக்கடி எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எடைக் கருவி சொல்லாததை அந்த ஸ்கேன்தான் சொல்லும்.

ஊசி மருந்தில் குறைத்தவர்கள்

எடை குறைக்கும் ஊசி மருந்துகளில் ஒன்றான செமாக்ளூடைட் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும். கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இன்னொரு ஊசியான டிர்செபடைட் என்றால் ஒரு மாதம் முன்பு. டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே கர்ப்பம் தெரிந்தால், அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். நிறுத்தியதும் அடங்கியிருந்த பசி முழு வேகத்தில் திரும்பும். கர்ப்பத்தின் பசியும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே நிறுத்தும் நாளுக்கும் கருவுறும் நாளுக்கும் நடுவே கொஞ்ச காலம் விட்டு, மருந்தில்லாமல் எடை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

தினமும் எடை பார்ப்பது

வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே கருவியில் பாருங்கள், போதும். நான்காவது மாதத்திலிருந்து, சாதாரண பிஎம்ஐ உள்ளவருக்கு வாரம் 400 கிராம் போல ஏறும். 30-க்கு மேல் உள்ளவருக்கு 200 கிராம் சொச்சம். ஒரு வாரம் ஏறாமல் அடுத்த வாரம் சேர்த்து ஏறுவதும் சகஜம்.

இதில் விதிவிலக்கு ஒன்று உண்டு. 20 வாரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் சட்டென்று எடை ஏறி, முகமும் கையும் வீங்கி, விடாத தலைவலியோ கண் மங்கலோ இருந்தால், அது ரத்த அழுத்தம் ஏறும் ப்ரீஎக்ளாம்ப்சியாவாக இருக்கலாம். எடைக்குப் பயந்தவர்கள் இங்கே செய்வது என்ன தெரியுமா? நேற்று அதிகம் சாப்பிட்டுவிட்டோம் என்று தன்னைத் திட்டிக்கொண்டு, ஒருநாள் பட்டினி கிடந்து பார்ப்பது. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஒரு நாளை வீணாக்காமல் ரத்த அழுத்தத்தைப் பார்க்கப் போக வேண்டும்.

எடைக் கருவியைப் பார்த்தாலே அன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்றால், டாக்டர் அறையில் திரும்பி நின்று எடை பார்க்கச் சொல்லுங்கள். எண்ணை அவர்கள் குறித்துக்கொள்ளட்டும், உங்களிடம் சொல்ல வேண்டியது இருந்தால் மட்டும் சொல்லட்டும். நான் ஆறாம் மாதத்திலிருந்து அப்படித்தான் செய்தேன். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, ஒளிந்து சாப்பிடுவது, கலோரியைச் சரிக்கட்டக் களைத்து விழும் வரை நடப்பது எதுவாவது தலைகாட்டினால் அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

தொங்கும் தோலுக்குள் வயிறு தெரியவில்லையே என்று ஒப்பிட்டுக் கவலைப்படுவதும் வேண்டாம். தளர்ந்த தோலில் வயிறு தாமதமாகத்தான் வெளியே தெரியும். வடிவமும் மற்றவர்களைப் போல இருக்காது. மடிப்புகளை ஈரமில்லாமல் வைத்துக்கொண்டால் புண் வராது.

பிரசவத்துக்கு அப்புறம்

குழந்தை பிறந்த சில நாளில் ஐந்தாறு கிலோ தானாகவே இறங்கிவிடும். மீதியை உடனே துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். தாய்க்கு பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும், குழந்தையின் நரம்பு வளர்ச்சி பாதிக்கும். பாலூட்டும் வரை மாத்திரைகளைத் தொடருங்கள். பைபாஸ் செய்தவர்கள் கருத்தடைக்கு வாய்வழி மாத்திரையை மட்டும் நம்பாமல், குடலில் உறிஞ்சப்பட வேண்டிய அவசியமில்லாத காப்பர் டி போன்ற வழியைப் பற்றி, பிரசவத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.