உள்ளங்கையைத் திருப்புவது முழங்கை அல்ல: மூட்டுப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூட்டு வகைகளை வாய்ப்பாடு போல ஒப்பிக்கும் மாணவர்கள்கூட அசைவுகளுக்கு வந்ததும் சறுக்குகிறார்கள். அசைவு எங்கே கண்ணில் படுகிறதோ, அங்கேயே அது நடக்கிறது என்று எழுதிவிடுவதுதான் காரணம்.

உள்ளங்கையைத் திருப்புவதைச் சிலர் மணிக்கட்டின் கணக்கில் எழுதுகிறார்கள். சிலர் கதவுக் கீல்போல மடங்கி நீளும் முழங்கைக் கீல் மூட்டின் கணக்கில். இரண்டும் தவறு. மேற்கையை விலாவோடு ஒட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். கையை நீட்டியபடி பார்த்தால் தோளும் சேர்ந்து திரும்பிக் குழப்பும். மறு கையின் விரலை முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு உள்ளங்கையை மாற்றி மாற்றித் திருப்புங்கள். விரலடியில் உருள்வது, முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆர எலும்பின் தலை, அதாவது மேல்முனை. ஆர எலும்பு, சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா எலும்போடு முழங்கையருகே ஓரிடத்திலும் மணிக்கட்டருகே ஓரிடத்திலும் சேர்கிறது. இரண்டும் முளை மூட்டுகள், அதாவது அச்சில் சுழல்வதுபோல ஓர் எலும்பு இன்னோர் எலும்போடு சேர்ந்து திரும்பும் மூட்டுகள். உள்ளங்கை மேலே பார்க்கும்போது அருகருகே கிடக்கும் இவ்விரு எலும்புகளும் கீழே பார்க்கும்போது ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. மேல் முளை மூட்டும் முழங்கைக் கீலும் மூட்டைச் சூழ்ந்திருக்கும் ஒரே உறைக்குள் இருப்பதால் பழியெல்லாம் முழங்கைமீது விழுகிறது.

முழங்காலை வெறும் கீல் என்பது அரைகுறை விடை. நாற்காலியில் அமர்ந்து, தொடையை அசைக்காமல் பாதத்தை உள்ளும் வெளியும் திருப்பிப் பாருங்கள். கீழ்க்கால் எலும்பே சுழலும். காலை முழுக்க நீட்டினால் அந்தச் சுழற்சி ஏறக்குறைய நின்றுவிடும். நீட்டலின் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு சற்று வெளிப்புறம் திரும்பி மூட்டைப் பூட்டிவிடுகிறது. அதிகம் சிரமப்படாமல் நெடுநேரம் நிற்க முடிவதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம்.

தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள் என்பதால் இரண்டுக்கும் ஒரே அளவு அசைவு என்று எழுதாதீர்கள். இடுப்புக் கிண்ணம் ஆழமானது. தோள் கிண்ணம் தட்டையானது. தோள் அதிகம் சுழல்வதும், எளிதில் நழுவுவதும் அதனால்தான்.

நார் மூட்டு என்றாலே அசையா மூட்டு என்பதும் பரவலான பிழை. நார், குருத்தெலும்பு, திரவம் என்பவை எலும்புகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்ற அமைப்பைச் சொல்லும் பெயர்கள். அசையும், அசையாது என்பது வேறு பகுப்பு. கணுக்காலுக்கு மேலே இரு கீழ்க்கால் எலும்புகளைக் கட்டுவது நார்தான். ஆனாலும் அங்கே சிறிது அசைவு உண்டு.

கழுத்தில் முளை மூட்டு இருப்பதால் எல்லாத் தலையசைப்பும் அதன் வேலை என எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ‘இல்லை’ என்று தலை திரும்புவதில் முதல், இரண்டாம் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள முளை மூட்டுக்கே பெரும்பங்கு. ‘ஆமாம்’ என்று தலை குனிவது பெரிதும் மண்டையோட்டுக்கும் முதல் எலும்புக்கும் இடையில்.