எந்த லூயி, எந்தச் சார்லஸ்? கரோலிங்கியர் வம்ச மரம் வரையும் முறை

மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பிராங்கிய அரச குடும்பமான கரோலிங்கியர்களில், சார்லமேன் வரைக்கும் யாருக்கும் சிக்கல் இருக்காது. 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமில் போப் மூன்றாம் லியோ அவருக்குப் பேரரசராக முடிசூட்டினார்; சார்லமேன் 814இல் ஆகனில் இறந்தார், பட்டம் மகன் பக்திமான் லூயிக்குப் போனது. அதற்குப் பிறகு வருகிறவர்களில் பெரும்பாலோர் லூயி, சார்லஸ், லோத்தர், கார்லோமான்தான். முதலாம், இரண்டாம் என்று எண் போட்டு மனப்பாடம் செய்தால் ஒரு வாரம் தாங்காது. பிறந்த வரிசையை மறந்துவிட்டு, இறந்த வரிசையில் வரையுங்கள். இந்தக் குடும்பத்தில் நிலம் பெரும்பாலும் கைமாறியது ஒரு பங்காளி கண்மூடியபோதுதான்.

தேவையானவை: ஒரு ஏ3 தாள், பென்சில், ரப்பர், நாலு கலர் பென்சில். குடும்ப மரம் வரைகிற ஆப்கள் எனக்குப் பிடிக்காது. யார் யாருக்குப் பிறந்தார் என்று அழகாகக் காட்டும், யார் எதை ஆண்டார் என்பதற்கு இடம் வைக்காது. எக்செலில்தான் செய்வேன் என்றால் ஒன்று: 1900க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது. ஆண்டை மட்டும் வெறும் எண்ணாகத் தனி நெடுவரிசையில் போடுங்கள்.

படி 1: 843இல் தொடங்குங்கள்

தாளைப் படுக்கை வசத்தில் வைத்து நாலு பத்தி பிரியுங்கள்: மேற்கு, நடு, இத்தாலி, கிழக்கு. மேலே பக்திமான் லூயி (இறப்பு 840). கீழே மூன்று மகன்கள்: நடுவிலும் இத்தாலியிலும் மூத்தவர் முதலாம் லோத்தர், கிழக்கில் ஜெர்மானிய லூயி, மேற்கில் இரண்டாம் தாரத்து மகன் வழுக்கைச் சார்லஸ். இன்னொரு மகன் பிப்பின் தந்தைக்கு முன்பே, 838இல் இறந்துவிட்டார்.

இந்தப் பிரிவினை சும்மா வரவில்லை. 841 ஜூனில் ஃபோன்டெனுவாவில் தம்பிகள் இருவரும் சேர்ந்து அண்ணனைத் தோற்கடித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் கூட்டணிச் சத்தியம். கிழக்கை ஆண்ட லூயி மேற்கத்தியரின், லத்தீனிலிருந்து வந்த ரோமான்ஸ் மொழியிலும், மேற்கை ஆண்ட சார்லஸ் ஜெர்மன் மொழியிலும் சத்தியம் செய்தார்கள். எதிரே நிற்கும் மற்றவர் படைக்குப் புரிய வேண்டுமே. அந்த வாசகங்களை அப்படியே எழுதி வைத்தவர் நிதார்ட். சார்லமேனின் மகள் பெர்த்தாவின் பிள்ளை, ஃபோன்டெனுவாவில் சார்லஸ் பக்கம் நின்று சண்டை போட்டவர். அவரை ஓரத்தில் எழுதி மரத்தோடு ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நமக்குக் கதை சொல்கிறவரும் ஒரு பங்காளியின் ஆள் என்பது அப்போதுதான் மறக்காது. 843 ஆகஸ்டில் மூவரும் நிலத்தைப் பிரித்துக்கொண்ட வெர்டன் உடன்படிக்கை. மரம் அங்கிருந்து கிளை விடுகிறது.

படி 2: நடுப்பத்தி (இங்கே அவசரம் வேண்டாம்)

பலரும் தாளைக் கசக்கிப் போடுவது இந்த இடத்தில்தான். லோத்தர் 855இல் இறந்ததும் அவர் பங்கு மூன்று மகன்களுக்காக மூன்றாக உடைகிறது: இத்தாலி இரண்டாம் லூயிக்கு, வடக்கு இரண்டாம் லோத்தருக்கு, புரோவான்ஸ் சார்லஸுக்கு. சார்லஸ் 863இல் வாரிசில்லாமல் போக, அவர் பங்கை அண்ணன்மார் இருவரும் பிரித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் லோத்தர் மனைவி டியூட்பெர்காவை விலக்கிவிட்டு வால்ட்ராடாவை மணக்கப் பல வருஷம் போராடினார். போப் முதலாம் நிக்கோலஸ் விடவில்லை. வால்ட்ராடாவுக்குப் பிறந்த ஹியூகோ அதனால் வாரிசாகவில்லை. முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்பதைக் காட்ட அவருக்குப் புள்ளிக்கோடு போடுங்கள். 869இல் லோத்தர் இறந்தபோது நியாயப்படி நிலம் அண்ணன் இரண்டாம் லூயிக்குப் போக வேண்டும். அவரோ தென்னித்தாலியில் பாரியை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். ஒரே மாதத்தில் சித்தப்பா வழுக்கைச் சார்லஸ் மெட்ஸ் நகரில் முடிசூட்டிக்கொண்டார். இன்னொரு சித்தப்பா ஜெர்மானிய லூயி சும்மா இருப்பாரா? 870இல் மேர்சனில் இருவரும் உட்கார்ந்து பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். நடுப்பத்தியின் வடபாதியை அந்த ஆண்டோடு மூடி, இரு பக்கக் கலரையும் உள்ளே இழுத்துவிடுங்கள்.

மெட்ஸில் முடிசூட்டியவர் ரைம்ஸ் பேராயர் ஹின்க்மார். 861 முதல் 882 வரை செயின்ட் பெர்டின் ஆண்டுக்குறிப்புகளை எழுதியவரும் அவரே. அதனால் ஃபுல்டா ஆண்டுக்குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், அது கிழக்கின் குரல். ஒன்றை மட்டும் நம்பி வரைகிறவர்களுக்கு நான் மார்க் போட மாட்டேன்.

படி 3: 875 முதல் 884 வரை, சாவு வரிசை

இதை வேகமாகப் போட்டுவிடலாம். 875: இரண்டாம் லூயி; ஆண் வாரிசு இல்லை, இத்தாலியும் பேரரசர் பட்டமும் வழுக்கைச் சார்லஸுக்கு. 876: ஜெர்மானிய லூயி, கிழக்கு மூன்று மகன்களுக்கு. 877: வழுக்கைச் சார்லஸ். 879: அவர் மகன் திக்குவாய் லூயி. 880: ஜெர்மானிய லூயியின் மகன், பவேரியாவின் கார்லோமான். 882: அவர் தம்பி இளைய லூயி; அதே ஆண்டில் திக்குவாய் லூயியின் மகன், மேற்கின் மூன்றாம் லூயி. 884: அந்த மூன்றாம் லூயியின் தம்பி, மேற்கின் கார்லோமான்.

மிஞ்சியவர் ஜெர்மானிய லூயியின் கடைசி மகன், தடித்த சார்லஸ். பெரிதாக எந்தப் போரிலும் வெல்லாமல், ஆயுள் கெட்டியாக இருந்ததால் கிட்டத்தட்ட சார்லமேனின் முழு ராஜ்யமும் கைக்கு வந்தது. 887இல் அண்ணன் மகன் அர்னுல்ஃப் அவரை இறக்கினார். அர்னுல்ஃபும் புள்ளிக்கோடுதான், ஆனால் கிழக்கை ஆண்டார். புள்ளிக்கோடு என்றால் ராஜ்யம் கிடையாது என்று விதி வைத்துவிடாதீர்கள்.

பெண் வழியையும் விடக் கூடாது. இரண்டாம் லூயியின் மகள் எர்மென்கார்டின் கணவர் போசோ 879இல் புரோவான்ஸில் தானே ராஜா என்று உட்கார்ந்தார். மகளை வரையாவிட்டால் இந்த ஆள் எங்கிருந்து முளைத்தார் என்றே புரியாது.

பின்சேர்க்கை

பின்னூட்டத்தில் இருவர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: 882இல் இறந்தது ஒரு மூன்றாம் லூயியா, இருவரா? இருவர். இளைய லூயியையும் சில நூல்கள் மூன்றாம் லூயி என்றே எழுதும். அவர் ஜனவரியில், மேற்கத்தியவர் ஆகஸ்டில். எண்ணை நீக்கிவிட்டு அப்பா பெயரை எழுதுங்கள்: ‘ஜெர்மானிய லூயி மகன் லூயி’, ‘திக்குவாய் லூயி மகன் லூயி’.

இன்னொரு கேள்வி: 884இல் திக்குவாய் லூயிக்கு இன்னொரு மகன், எளிய சார்லஸ், உயிரோடுதானே இருந்தார்? இருந்தார், ஐந்து வயதில். தந்தை இறந்த பிறகு பிறந்த பிள்ளை. வைக்கிங்குகள் வாசலில் நிற்க, குழந்தையை ராஜாவாக்கப் பிரபுக்கள் தயாராக இல்லை; தடித்த சார்லஸைக் கூப்பிட்டார்கள். தடித்த சார்லஸ் இறக்கப்பட்ட பிறகு, 888இலும் மேற்கு எளிய சார்லஸுக்கு வரவில்லை, பாரிஸின் பிரபு ஓடோவுக்குப் போனது. 893இல் ஓடோவின் எதிரிகள் இவருக்கு முடிசூட்டினாலும், ஓடோ இறந்த 898க்குப் பிறகே மேற்குப் பத்திக் கலரை இவர் பெயருக்கு அடியுங்கள்.