நாக்கர் என்றால் முத்து அல்ல

ஸ்பானிஷ் பக்கத்தில் 'நாக்கர்' என்று கண்டதும் பலர் 'முத்து' என்று எழுதிவிடுகிறார்கள். முத்துக்கு அங்கே பெர்லா என்று தனிச்சொல் இருக்கிறது. முத்துச்சிப்பியைப் பிளந்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால் வெண்மைக்குள் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடுமே, அந்த உட்படலம்தான் நாக்கர். முத்தும் அதே பொருளால் ஆனது என்பதால் வருகிற குழப்பம் இது.

அடுத்த சறுக்கல், மாத்ரேபெர்லா. பிரித்தால் 'தாய் முத்து'. ஆங்கிலத்தில் இதே அமைப்புள்ள 'மதர் ஆஃப் பேர்ல்' என்ற சொல் படலத்தைக் குறிப்பதால், ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்கள் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுவார்கள். ஸ்பானிஷ் அகராதியில் மாத்ரேபெர்லா சிப்பி உயிரினம். அதன் ஓட்டுக்குள் இருப்பது நாக்கர்.

உச்சரிப்பில் நமக்கென்றே ஒரு தொல்லை. 'நாகர்' என்று எழுதினால் நாம் 'க'வை மென்மையாக்கிப் படிப்போம், போதாததற்கு நாகர் இனத்தார் வேறு நினைவுக்கு வருவார்கள். இரட்டைக் ககரம் போட்டால் ஓரளவு சரி. அழுத்தம் முதல் அசையில். 'ர்' ஒலியில் முடியும் ஸ்பானிஷ் சொற்களில் அழுத்தம் பொதுவாகக் கடைசி அசைக்குப் போகும். இது விலக்கு என்பதால்தான் ஸ்பானிஷில் எழுதும்போது (nácar) முதல் உயிரெழுத்தின் மேல் அந்தச் சிறு கோடு. அதை விடக்கூடாது.

கடையில் காசு போகும் தவறு ஒன்று உண்டு. 'தெ நாக்கர்' என்றால் நிஜச் சிப்பி ஓட்டில் செய்தது. 'நாக்கராதோ' என்றால் அந்தப் பளபளப்பு உள்ளது, அவ்வளவுதான், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். சட்டைப் பொத்தானைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சிப்பி என்றால் சில்லென்றிருக்கும். பின்பக்கத்தில் சில சமயம் ஓட்டின் பழுப்புத் தடமும் தெரியும்.

அப்புறம், 1944இல் ஸ்பானிஷில் வந்த நாக்கர்-கொலுங்கா பைபிளுக்கும் சிப்பிக்கும் சம்பந்தமில்லை. மொழிபெயர்த்தவர்களில் ஒருவருடைய குடும்பப் பெயர் அது.

மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1830இல் பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய், தென் அமெரிக்காவின் தெற்கு முனையான டியரா டெல் ஃபுவேகோவில் ஒரு பழங்குடிச் சிறுவனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். ஈடாகக் கொடுத்தது ஒரு நாக்கர் பொத்தான். அதனாலேயே அவனுக்கு ஜெம்மி பட்டன் என்று பெயர் வைத்தார்கள். இதைத் தமிழில் 'முத்துப் பொத்தான்' என்று எழுதினால் ஏதோ நல்ல விலை கொடுத்த மாதிரி ஆகிவிடும். கொடுத்தது ஒரு சிப்பிப் பொத்தான்.