பி.எஸ்.பி. நோய்க்கான மருந்து ஆய்வில் சேரும் முன்

புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி, அதாவது பி.எஸ்.பி. என்ற மூளை நோய், பெரும்பாலும் பார்க்கின்சன் என்றே முதலில் கருதப்பட்டு, அதற்கான மாத்திரைகளிலேயே பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. காரணமின்றிப் பின்புறமாகச் சாய்ந்து விழுவதும், கண்ணைத் தாழ்த்த முடியாததால் தட்டில் இருக்கும் சோற்றைக் கை தடவித் தேடுவதும் இதன் அடையாளங்கள். கனடாவின் டொராண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி ஆகிய மருத்துவர்கள் 1964-இல் தனி நோயாக விவரித்த இதன் வேகத்தைத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே கிளினிக்கல் டிரையலை, அதாவது புதிய மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வை, தேடும் குடும்பங்கள் தேடலை விரைவாகத் தொடங்குவது நல்லது.

விரைவு ஏன் என்றால், ஆய்வுகளின் வாசல் சீக்கிரமே மூடிவிடுகிறது. ஒருவர் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாலும் சரி, நோயாளி ஐந்து காலடியாவது எடுத்து வைத்து நடக்க வேண்டும் என்பது இந்நோய்க்கான பல ஆய்வுகள் வைத்த நிபந்தனை. எம்.ஆர்.ஐ. எடுக்க முடிய வேண்டும், ஒவ்வொரு முறையும் உடன் வந்து விவரம் சொல்ல ஒருவர் வேண்டும் என்றும் கேட்பார்கள். எனவே இயக்கக் கோளாறுகளில் தேர்ந்த நரம்பியல் மருத்துவரிடம் நோயை உறுதி செய்துகொண்டு, விழுந்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோயாளி நடப்பதையும் திரும்புவதையும் கைப்பேசியில் படம்பிடித்து வைப்பதும் உதவும்.

அமெரிக்க அரசின் கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் பதிவேட்டிலும், 2007-இல் தொடங்கிய இந்தியாவின் சி.டி.ஆர்.ஐ. என்ற மருந்து ஆய்வுப் பதிவேட்டிலும் நோயின் பெயரை இட்டுத் தேடலாம். ஆள் சேர்ப்பு நடக்கிறதா, எந்த நகரத்தில் என்பதை முதலில் பாருங்கள். பதிவேட்டில் இருப்பதாலேயே ஒரு சிகிச்சை பலன் தரும் என்று பொருளில்லை. ஆய்வு என்ற பெயரில் லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஸ்டெம்செல் மையங்களிடமிருந்து தயவுசெய்து விலகியே இருங்கள்.

ஒப்புதல் படிவத்தை மருத்துவமனையிலேயே அவசரமாகக் கையெழுத்திட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, நோயாளிக்குப் புரியும் மொழியில், அவர் சோர்வில்லாத நேரத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். மருந்தில்லாத பிளாசிபோ கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பார்களா, எத்தனை முறை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளைத் தொடரலாமா, பயணச் செலவு யாருடையது என்பவற்றைக் கேட்டு, பதிலை எழுதி வையுங்கள். இந்தியாவில் நடக்கும் ஆய்வானால், ஆய்வினால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என 2019-ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகள் கூறுகின்றன. படிவத்தில் அந்தப் பகுதியை விரல் வைத்துத் தேடிப் பாருங்கள்.

எதை எதிர்பார்க்கலாம் என்பதே எல்லாவற்றிலும் கடினமான பேச்சு. இந்நோயை அளக்கும் அளவுகோல் 0 முதல் 100 வரை போகும். மதிப்பெண் கூடினால் நோய் முற்றுகிறது, அது ஆண்டுக்கு ஏறத்தாழ 10 புள்ளிகள் கூடுகிறது. பெரும்பாலான ஆய்வுகள் அந்தக் கூடுதலைக் குறைக்கவே முயல்கின்றன. மருந்து வேலை செய்தாலும் நோயாளி முன்போல் எழுந்து நடப்பதைப் பார்க்க முடியாமல் போகலாம் என்பதைச் சேரும் முன்பே வீட்டார் பேசிக்கொள்ள வேண்டும். மூக்கில் தெளிக்கும் டாவுனெடைடு என்ற மருந்து 313 பேரிடம் ஓராண்டு ஆராயப்பட்டும் பலன் தரவில்லை; இந்நோயில் மூளையில் சேரும் டௌ புரதத்தைக் குறிவைத்த இரண்டு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மருந்து ஆய்வுகளும் 2019-இல் நிறுத்தப்பட்டன. அவற்றில் சேர்ந்தவர்கள் தந்த அளவீடுகளைக் கொண்டுதான் பின்வந்த ஆய்வுகள் திட்டமிடப்பட்டன.

இடையில் விலக நோயாளிக்கு எப்போதும் உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினாலும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் ஆய்வு மருத்துவரிடம் தெரிவித்து, இறுதிப் பாதுகாப்புப் பரிசோதனையை மட்டும் முடித்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.