வெளி மாநிலத்தில் டியூஐ புரொபேஷனா? ஊர் திரும்பும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் வீடு கலிஃபோர்னியாவில், குடித்துவிட்டு ஓட்டிப் (இதுதான் டியூஐ) பிடிபட்டதும் தண்டனை கிடைத்ததும் நெவாடாவில். சொந்த வீட்டுக்குத்தானே என்று அனுமதியில்லாமல் கிளம்பினால் அதுவே புரொபேஷன் (சிறைக்குப் பதிலாக அதிகாரியின் கண்காணிப்பில் இருப்பது) மீறல் ஆகிவிடும்.

படி 1: தீர்ப்பு நகலை எடுங்கள். குற்றம் மிஸ்டிமீனரா (சிறு குற்றம்) ஃபெலனியா (பெருங்குற்றம்), எத்தனையாவது டியூஐ, கண்காணிப்பு எவ்வளவு காலம் என்று பாருங்கள். இரண்டாவது அல்லது அதற்கு மேற்பட்ட மிஸ்டிமீனர் டியூஐ, கண்காணிப்பும் 1 ஆண்டுக்குக் குறையாதது என்றால், மாநிலங்களுக்கு இடையிலான கண்காணிப்பு ஒப்பந்தத்துக்குள் வருவீர்கள். ஃபெலனியும் அப்படித்தான். யாருக்கும் காயமில்லாத முதல் மிஸ்டிமீனர் பொதுவாக வராது. அங்கே கோர்ட் நிபந்தனைதான் எல்லாம்.

படி 2: ஒப்பந்தத்துக்குள் வந்தால், இடமாற்றத்துக்கு உங்கள் புரொபேஷன் அதிகாரிதான் விண்ணப்பிக்க வேண்டும், நீங்களே நேராகப் போட முடியாது. தண்டனையின்போதே சொந்த மாநிலத்தில் குடியிருந்தவர் என்றால், 7 நாள் பயண அனுமதி கொடுக்க விதியில் இடமுண்டு. எங்கே போய் ஆஜராக வேண்டும் என்பதைச் சொந்த மாநிலம் 2 வேலை நாளில் சொல்லும். முழு இடமாற்ற மனுவை விசாரிக்க 45 நாள். மனுவோடு, தண்டித்த மாநிலம் திருப்பி அழைத்தால் எதிர்க்க மாட்டேன் என்றும் கையெழுத்து வாங்குவார்கள். படித்துவிட்டுப் போடுங்கள்.

படி 3: சின்னப் பயணத்துக்கும் தேதி, தங்கும் முகவரி, யார் ஓட்டுவது என்பதை எழுதிக் கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். போனில் "சரி" என்றது பிறகு கணக்கில் வராது. திடீர் சிறுநீர்ப் பரிசோதனை இருந்தால் அந்த நாட்களுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். பல இடங்களில் வராதது தோல்விக்குச் சமம்.

படி 4: அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். பயண அனுமதி ஓட்டும் அனுமதி அல்ல. நெவாடா தன் எல்லைக்குள் ஓட்டும் உரிமையைத்தான் பறிக்கும். தகவல் போனதும் கலிஃபோர்னியா தனியாக லைசென்ஸை முடக்கும். இரண்டையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். இன்டர்லாக் (ஊதிக் காட்டி, ஆல்கஹால் இல்லையென்றால்தான் காரைக் கிளம்பவிடும் கருவி) கட்டாயமென்றால் வாடகைக் கார் எடுக்காதீர்கள். அதில் அந்தக் கருவி இருக்காது. மவுத்வாஷ் கொப்பளித்த உடனே ஊதினாலும் கருவி ஆல்கஹால் காட்டும். தண்ணீரில் வாய் கொப்பளித்து 15 நிமிடம் கழித்து ஊதுங்கள்.

படி 5: கனடா எல்லையில் திருப்பி அனுப்பலாம்; 2018 டிசம்பர் 18 முதல் அங்கே குடித்துவிட்டு ஓட்டுவது கடுங்குற்றம். எச்1பி-யில் (அமெரிக்க வேலை விசா) இருப்பவர்கள் சென்னைக்கு டிக்கெட் போடும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். கடந்த 5 ஆண்டுக்குள் டியூஐ கைது இருந்தாலே விசாவை ரத்து செய்ய முடியும்.