நாலு த்ரெட் போட்டும் வேகம் கூடவில்லையா? கேஷ் லைனைப் பாருங்கள்

குமரி மாவட்ட அணைகளின் நீர்மட்டப் பதிவுகளை எண்ணும் ஒரு சி++ புரோகிராமை எடுத்துக்கொள்வோம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு 1, சிற்றாறு 2 என அணைக்கு ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை). ஒவ்வொன்றும் தன் அட்டாமிக் (நடுவில் யாரும் குறுக்கிடாமல் மாறும்) கவுண்டரை மட்டுமே கூட்டுகிறது. ஒன்று முடியும்வரை மற்றதைக் காக்க வைக்கும் லாக் எதுவும் கிடையாது. அப்படியும் ஒரே கோரில் ஓடியதைவிட நாலு கோரில் மெதுவாக ஓடினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கவுண்டர் அரேயைத்தான்.

ஒரு கவுண்டர் 8 பைட். நாலும் சேர்ந்து 32. பொய்கை, மாம்பழத்துறையாறு சேர்ந்தாலும் 48தான். கேஷ் என்பது கோருக்கு அருகிலுள்ள வேகமான நினைவகம். அதில் டேட்டா வந்துபோகும் துண்டுதான் கேஷ் லைன். இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் அது 64 பைட் என்பதால், பெரும்பாலும் எல்லா அணையும் ஒரே லைனில் அடங்கிவிடும். கேஷுக்கு வேரியபிள் தெரியாது, லைன்தான் கணக்கு. கோர்களின் கேஷ் நகல்களை ஒத்துப்போக வைக்கும் மெசி புரோட்டோகாலில் ஒவ்வொரு லைனும் மாடிஃபைடு (மாற்றப்பட்டது), எக்ஸ்குளூசிவ் (ஒரு கோரிடம் மட்டும்), ஷேர்டு (பல கோர்களிடம்), இன்வாலிட் (செல்லாதது) என்ற நிலைகளில் ஒன்றில் இருக்கும். பேச்சிப்பாறை த்ரெட் எழுத வேண்டுமானால் மற்றக் கோர்களில் உள்ள நகல்கள் இன்வாலிட் ஆக வேண்டும். உடனே பெருஞ்சாணி எழுத வரும். மொத்த லைனும் அந்தக் கோருக்கு இடம் மாறும். கோருக்கு மிக அருகிலுள்ள எல்1 கேஷில் நாலைந்து சைக்கிளில் கிடைக்க வேண்டிய டேட்டாவுக்குப் பல பத்து நானோ விநாடி போகும். இதுதான் ஃபால்ஸ் ஷேரிங்.

உறுதிப்படுத்த, லினக்ஸில் ‘பெர்ஃப் சி2சி ரெக்கார்டு’ ஓட்டி, பிறகு ‘ரிப்போர்ட்’ பாருங்கள். ஹிட்எம் (வேறு கோர் மாற்றி வைத்திருக்கும் லைனைப் படிக்கப் போன தடவைகள்) அதிகமுள்ள லைனில் த்ரெட்டுக்கு ஒரு ஆஃப்செட் (லைனுக்குள் இடம்) தெரிந்தால் ஃபால்ஸ் ஷேரிங். எல்லாரும் ஒரே ஆஃப்செட்டில் மோதினால் அது நிஜமான பகிர்வு. இடைவெளி விட்டுப் பயனில்லை. விர்ச்சுவல் மெஷினில் இந்தக் கருவி பல நேரம் வேலை செய்யாது.

சரிசெய்ய முதல் வழி, த்ரெட்டுக்குள் லோக்கல் வேரியபிளில் எண்ணி, முடிவில் ஒரு தடவை மட்டும் அரேயில் எழுதுவது. பாதி கேஸ் இதிலேயே தீர்ந்துவிடும். இடையிடையே மதிப்பு வெளியே தெரிய வேண்டுமென்றால் கவுண்டரை ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து ‘அலைன்ஆஸ்(64)’ போடுங்கள்; அது 64-இன் மடங்கான முகவரியில் தொடங்கும். ஸ்ட்ரக்டின் அளவும் 64 ஆகிவிடும். வெறும் 56 பைட் பேடிங் (காலி நிரப்பு) கவுண்டர்களைப் பிரிக்கும். ஆனால் முதல் கவுண்டர் தனக்கு முன்னால் கிடக்கும் வேறு டேட்டாவோடு ஒட்டிக்கொள்ளலாம். மெமரி ஒதுக்கும் மேலாக் இந்த அலைன்மென்ட்டை மதிக்காது. ‘அலைன்டு அலாக்’ பயன்படுத்துங்கள். ஆப்பிள் எம்1-இல் லைன் 128 பைட். இன்டெலிலும் பக்கத்து லைனைச் சேர்த்து இழுக்கும் பிரீஃபெச்சர் இருப்பதால், 64 போதாவிட்டால் 128 வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் மெமரியைத் தொடச் சொல்லும் வோலடைல் போட்டால் இது தீராது. சாதாரண கவுண்டராக இருந்தால் ஓ2-வில் (வேகத்துக்காகக் கோடை மெருகேற்றும் நிலை) கம்பைலரே அதைக் கோருக்குள் இருக்கும் ரெஜிஸ்டரில் வைத்துவிடக்கூடும். அதனால் மெருகேற்றாத ஓ0-வில் அளந்து முடிவெடுக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் பேடிங் போட்டால் கேஷ்தான் வீணாகும். பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்ற முழு மட்ட அட்டவணையை யாரும் மாற்றுவதில்லை. எல்லாக் கோரிலும் ஷேர்டாகவே கிடக்கும். அது கவுண்டர் இருக்கும் லைனுக்குள் மட்டும் வந்துவிடக் கூடாது. வந்தால், வெறுமனே படிக்கும் த்ரெட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் காத்துக் கிடக்கும்.